நிரல்தாளில் விடுபட்ட கல்லூரி

சபைப் பாடகர் குழுக்களில் இருக்கும் சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் அனைவருக்கும், அவர்களைக் கட்டி மேய்க்கும் கொயர் மாஸ்டர்களுக்கும்,



நவம்பர் பிறந்துவிட்டால் உங்களுக்குத் தலைக்குமேல் வேலை. கேரல் சர்வீஸுக்கு ப்ராக்டிஸ், கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பேசுவது, தொண்டை கட்டிய சொப்ரானோவுக்குச் சுக்குக் கஷாயம் என்று பறந்துகொண்டிருப்பீர்கள். அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று முந்திக்கொண்டு எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். முப்பது வருஷத்துக்குமேல் டெனர் பாடியவன், அதில் பாதிக்காலம் கொயர் மாஸ்டர். இப்போது மூச்சுப் பிடிக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களின் சுருதியைக் குறை சொல்லும் உத்தியோகத்துக்கு மாறிவிட்டேன்.

ஒரு வருஷம் கேரல் சர்வீஸ் நிரல்தாளை அச்சுக்குக் கொடுத்தேன். ஒருபக்கம் பாட்டின் பெயர், எதிர்ப்பக்கம் இயற்றியவர். ஹேண்டல், மெண்டல்சன், நம் வேதநாயகம் சாஸ்திரியார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ‘கோ டெல் இட் ஆன் த மவுன்டன்’ வந்தபோது பேனா நின்றது. யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தில் போட்டிருந்தபடி ‘நீக்ரோ ஸ்பிரிச்சுவல்’ என்று கிறுக்கினேன். என் கையெழுத்தின் லட்சணம் அச்சுக்கோர்ப்பவருக்கு முதல் வார்த்தை மட்டும்தான் விளங்கியிருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் மரியாதை போட்டவர், இவருக்கு மட்டும் போடாமல் விடுவாரா? ‘திரு. நீக்ரோ’ என்று அடித்துக் கொடுத்துவிட்டார். முந்நூறு பிரதி. மாற்ற நேரமில்லை. கோவில் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதைவிட மோசமானதை நான் செய்திருந்தேன் என்பது அன்று உறைக்கவில்லை. அந்தப் பாட்டுக்கு மட்டும் பையன்கள் தலையில் ஓலைத்தொப்பியும் கழுத்தில் கட்டம்போட்ட கைக்குட்டையும் கட்டி, இடுப்பை ஆட்டி, பல் தெரியச் சிரித்துக்கொண்டே பாட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். ‘அவங்க அப்படித்தான் பாடுவாங்க’ என்று வேறு விளக்கம் கொடுத்தேன். அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்று பிற்பாடு தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் இந்த மடல்.

தேடிப்போன வழியில் முதலில் வந்து நின்றது ஒரு கல்லூரி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரத்தில் இருக்கும் ஃபிஸ்க் பல்கலைக்கழகம். பெயர்தான் பல்கலைக்கழகம். நாற்பது ஏக்கர் நிலம், ஆயிரத்தைச் சுற்றிய மாணவர்கள், அவ்வளவே. அங்கே லத்தீன் பாடம் எடுத்த ஜான் வெஸ்லி வொர்க் என்பவர், தம்பி ஃபிரடெரிக்கோடு சேர்ந்து, அடிமைகளாயிருந்தவர்கள் பாடிய பாட்டுகளைத் தேடிச் சேர்த்தார். நாம் பாடும் அந்த மலைப்பாட்டை உலகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்தக் குடும்பத்தின் பங்கு பெரிது. கிறிஸ்மஸ் அன்று பொழுது விடியுமுன்னே வொர்க் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வளாகத்தில் கட்டடம் கட்டடமாக நடந்து அந்தப் பாட்டைப் பாடுவாராம். இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் வந்து நின்றது பெட்ரோமாக்ஸ் விளக்கும், பனியில் நனைந்த மஃப்ளரும், மூன்றாம் ஜாமத்தில் தெருநாய் குரைக்க நாம் வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸும்தான். அங்கே அந்தப் பாட்டு பாடப்பட்டதும் ஒரு ரவுண்ட்ஸில்தான்.

சரி, அந்தக் கல்லூரியையே கட்டியது ஒரு பாட்டுக்குழு என்றால் நம்புவீர்களா?

1865-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. அதுவரை தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். போர் முடிந்த ஒரு வருஷத்துக்குள், ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்த மரக்கொட்டகைகளில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1866 ஜனவரி 9-ஆம் தேதி. விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகத்தில் இருந்த ஜெனரல் கிளின்டன் ஃபிஸ்க் இடம் பிடித்துக் கொடுத்தார். அவர் பெயரையே வைத்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே பெஞ்சில் அகரம் படித்தார்கள். சில மாதத்துக்குள் எண்ணிக்கை 900 ஆயிற்று. நாஷ்வில்லில் அடிமைகளை விற்பதற்கு முன் அடைத்துவைத்த கொட்டடிகளில் துருப்பிடித்துக் கிடந்த விலங்குகளையும் சங்கிலிகளையும் பழைய இரும்பாக விற்று எழுத்துப் புத்தகம் வாங்கினார்கள் என்று அந்தக் கல்லூரியில் ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது.

இதை நடத்தியது அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன். மதுரை, பசுமலை, திண்டுக்கல் பக்கத்துக் கொயர்களுக்கு இங்கே ஒரு சேதி இருக்கிறது. உங்கள் சபைகளை 1834-லிருந்து நட்டு வளர்த்தது அமெரிக்கன் போர்டு. இரண்டும் பெரும்பாலும் ஒரே காங்கிரிகேஷனல் சபைக்காரர்கள். ஆனால் அடிமை முதலாளிகளிடமும் போர்டு காணிக்கை வாங்குகிறது, அடிமைத்தனத்தைக் கண்டித்து வாய்திறக்க மறுக்கிறது என்று மனம் கசந்தவர்கள் 1846-ல் தனியே தொடங்கியதுதான் அந்த அசோசியேஷன். நம் ஊருக்கு வந்த மிஷனரிகளின் வரலாற்றைச் சபை நூற்றாண்டு மலர்களில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். வீட்டுக்குள் நடந்த இந்தச் சண்டையை எந்த மலரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்து வருஷத்தில் கொட்டகைகள் இற்றுப்போயின, கல்லூரி கடனில் மூழ்கியது. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளைக்காரர். சங்கீதம் சொல்லிக்கொடுத்ததும் அவரே. நல்ல குரல்களாகப் பொறுக்கி ஒரு குழு சேர்த்து ‘எஸ்தர்’ இசைநாடகத்தை நாஷ்வில்லில் போட்டுக் காட்டியிருந்தார். இவர்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே போய்ப் பாடிப் பணம் திரட்டுவோம் என்றார். அசோசியேஷன் கை விரித்தது. அவர் கேட்கவில்லை. 1871 அக்டோபர் 6-ஆம் தேதி ஒன்பது பாடகர்களோடு ரயிலேறினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மின்னி டேட்டுக்கு வயது 14.

இவர்களில் எல்லா ஷெப்பர்ட் என்ற பெண்ணைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், அதிலும் கீபோர்டு வாசிக்கும் தங்கைகளுக்கு. 1851-ல் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். பெற்ற தாயையே வேவு பார்க்கும்படி எஜமானி அந்தக் குழந்தையைப் பழக்கியபோது, பிள்ளையோடு ஆற்றில் விழுந்துவிட ஓடினாள் தாய். வழியில் ஒரு கிழவி மறித்துத் தடுத்திருக்கிறாள். தகப்பன் உழைத்துச் சேர்த்து 350 டாலர் கொடுத்துத் தன் மகளைத் தானே விலைக்கு வாங்கினார். தாயை விற்க எஜமானி மறுத்துவிட்டாள். சின்சினாட்டியில் பியானோ கற்றுக்கொள்ள ஒரு வெள்ளைக்கார ஆசிரியர் சம்மதித்தார், நிபந்தனையோடு: ராத்திரி நேரத்தில், கொல்லை வாசல் வழியாக வர வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கையில் 6 டாலரோடு ஃபிஸ்க்குக்கு வந்து சேர்ந்தவர், அங்கே ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். ஒயிட் பெயருக்குத் தலைவர், குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் கட்டிக்காத்தது பெரும்பாலும் எல்லா ஷெப்பர்ட்தான். கொயரில் யார் பெயர் போடுகிறார்கள், யார் வேலை செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா!

புறப்பட்டபோது அவர்கள் பாடியது அடிமைப் பாட்டுகளே இல்லை. வெள்ளைக்காரர் கீர்த்தனை, தேசபக்திப் பாட்டு, எஸ்தரிலிருந்து சில துண்டுகள். அடிமைப் பாட்டு வீட்டுக்குள்ளே இருக்கும் சமாச்சாரம். அப்பன் ஆத்தாள் கண்ணீரோடு ஜெபத்தில் பாடியதைக் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருப்பவன் முன் பாடுவதா என்று பிள்ளைகளுக்குக் கூச்சம். படித்தவர்களாகிவிட்டோம், அந்தப் பழைய வாழ்க்கையின் வாடை எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. நாற்காலி போதாத ஒயிட்டின் வீட்டில் தரையில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், ஒருவரிடமிருந்து ஒருவர் தங்கள் முன்னோரின் பாட்டுகளைக் கற்றுக்கொண்டதை எல்லா ஷெப்பர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. நம் சபைகளில் எத்தனை பேருடைய பாட்டன் பறை அடித்தவர், பாட்டி ஒப்பாரியில் ஊரையே அழவைத்தவள்? கோவிலுக்குள் வரும்போது அதையெல்லாம் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிவிட்டுத்தானே வந்தோம்? மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, அந்தப் பரட்டை அண்ணன், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது முகம் சுளித்த பாடகர்களில் நானும் உண்டு. டூரிங் டாக்கீஸ் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதே வாயால் அமெரிக்காவின் அடிமைப் பாட்டை நாலு பார்ட்டில் பாடிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

வடக்கே போன குழு முதல் மாதங்களில் பட்ட பாடு சொல்லி மாளாது. தங்க விடுதி கிடையாது, குளிருக்கு உடுப்பு கிடையாது. அந்த நாளில் அமெரிக்கர்களுக்குக் கறுப்பினச் சங்கீதம் என்றால் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வெள்ளைக்காரன் ஆடும் மின்ஸ்ட்ரல் கூத்துதான். இவர்களும் பல்லைக் காட்டி ஆடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தார்கள். என் ஓலைத்தொப்பி எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்த இடம் இதுதான். பயணத்தின் தொடக்கத்தில் பாடிக்கொண்டிருந்தபோது சிகாகோ தீவிபத்துச் செய்தி வந்தது. அன்று வசூலானது 50 டாலருக்கும் குறைவு. கடனில் கிடந்த கூட்டம் அதை அப்படியே தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டது. கொலம்பஸ் நகரில் ஒயிட் இராத்திரி ஜெபித்துவிட்டு, காலையில் குழுவுக்கு ஒரு பெயர் சொன்னார்: ‘ஜூபிலி சிங்கர்ஸ்’. லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் படித்த உங்களுக்கு அது விளங்கும். ஐம்பதாம் வருஷம், எக்காளம் ஊதி, அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்பும் யூபிலி. நாம் சபைக்கு வெள்ளிவிழா பொன்விழா கொண்டாடி, பிரியாணி போட்டு, ‘ஜூபிலி’ என்று பேனர் கட்டுகிறோமே, அந்தச் சொல்தான்.

நவம்பரில் ஓபர்லின் நகரத்தில் போதகர்களின் மாநாடு. அங்கே கடைசியில் அந்த வீட்டுப் பாட்டுகளைத் துணிந்து எடுத்தார்கள். கூட்டம் அடங்கிப்போயிற்று. டிசம்பரில் புரூக்ளினில் போதகர் ஹென்றி வார்டு பீச்சரின் சபை, அடுத்த மார்ச்சில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிரான்ட், 1873-ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணி என்று போனது பயணம். முதல் சுற்றிலேயே 20,000 டாலர். அந்தப் பணத்தில் போர்க்காலத்துக் கோட்டை ஒன்று இருந்த மேட்டு நிலத்தை வாங்கி, இங்கிலாந்தில் சேர்ந்ததையும் போட்டு, ஆறு மாடிக் கட்டடம் எழுப்பி 1876-ல் திறந்தார்கள். அதன் பெயர் ஜூபிலி ஹால். தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களின் படிப்புக்கென்றே எழுந்த முதல் நிரந்தரக் கட்டடம். பாட்டுப் பாடி வாங்கிய செங்கல் என்று அதை நான் பையன்களுக்குச் சொல்வதுண்டு.

அதற்குக் கொடுத்த விலையை மட்டும் மறைக்கக்கூடாது. ஏழு வருஷம் ஓயாத பயணம், பெட்டியை இறக்கினால் மேடை. குரல் போனவர்கள், படுத்த படுக்கையானவர்கள் உண்டு. பெஞ்சமின் ஹோம்ஸ், அடிமைக் கொட்டடிக்குள் அடைபட்டிருந்தபோதே லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தைப் பத்திரிகையிலிருந்து மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர், காசநோயில் இளவயதிலேயே போனார். பாடப்போனவர்களில் பலர் அந்தக் கல்லூரியில் தங்கள் படிப்பை முடிக்கவேயில்லை. 1878-ல் குழு கலைந்தது. பிறகு ஃபிரடெரிக் லௌடின் என்ற பாடகர் அதே பெயரில் ஒரு குழுவை உலகம் சுற்றக் கொண்டுபோனார். அது 1880-களின் கடைசியில் இந்தியாவுக்கும் வந்தது. தாஜ்மகாலுக்குள் நின்று பாடியதை லௌடினே எழுதியிருக்கிறார்.

இனி அந்த வளாகத்துக்குள் வாருங்கள்.

1885-ல் மாசசூசெட்ஸிலிருந்து 17 வயதுப் பையன் ஒருவன் வந்து இறங்குகிறான். படிப்புச் செலவுக்கு நாலு சபைகள் வருஷத்துக்கு ஆளுக்கு 25 டாலர் கொடுத்து அனுப்பியிருக்கின்றன. ஊரில் எங்கு பார்த்தாலும் வெள்ளை முகங்களையே பார்த்து வளர்ந்தவன். முதல் நாள் இராச்சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களின் அழகைப் பார்த்துச் சாப்பாடே இறங்கவில்லை என்று கிழவரான பிறகும் எழுதினான். தன் நிறத்து மனிதர்கள் இத்தனை பேர், இத்தனை விதமாக, ஒரே இடத்தில்! அங்கே மோட்சார்ட் சங்கத்தில் சேர்ந்து ஹேண்டலின் ‘மேசியா’ பாடினான், கல்லூரிப் பத்திரிகையின் ஆசிரியரானான், விடுமுறையில் டென்னசியின் குக்கிராமத்துக்கு நடந்துபோய்ப் பள்ளிக்கூடம் நடத்தினான். அவன்தான் பின்னாளில் கறுப்பின மக்களின் பெரிய எழுத்தாளரான டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ். 1903-ல் வந்த அவருடைய ‘தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்’ புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இந்தப் பாட்டுகளின் சில ஸ்வர வரிகள் அச்சாகியிருக்கும், சொல் இல்லாமல், வெறும் ஸ்டாஃப் நொட்டேஷன். நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்களாகிய நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பாடிப்பார்க்கலாம், மற்றவர்களால் முடியாது.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். 1920-களில் ஃபயட் மெக்கென்சி என்று ஒரு தலைவர். வெள்ளைக்காரப் பணக்காரர்களிடமிருந்து பத்து லட்சம் டாலர் நிதி திரட்டுவதில் இறங்கினார், அதில் ஜெயிக்கவும் செய்தார். பணம் கொடுக்கிறவனுக்கு அடக்க ஒடுக்கமான மாணவர்களைக் காட்ட வேண்டாமா? மாணவர் பத்திரிகையை நிறுத்தினார், மாணவர் மன்றத்தைக் கலைத்தார், என்ன உடுத்துவது, யாரோடு எப்போது பேசுவது என்பதற்கெல்லாம் சட்டம் போட்டார். நம் மலைப்பாட்டு வொர்க் 1923-ல் அங்கிருந்து விலக நேர்ந்ததும் அவர் காலத்தில்தான். பாட்டால் எழும்பிய கல்லூரியில் பாட்டுக்காரருக்கு இடமில்லை. 1924-ல் தன் மகளின் பட்டமளிப்புக்கு வந்த டூபாய்ஸ் மேடையிலேயே மெக்கென்சியை வாங்கு வாங்கென்று வாங்கினார். மறுவருஷம் பிப்ரவரியில் மாணவர்கள் எழுந்தார்கள். தலைவர் விடுதிக்குள் வெள்ளைப் போலீஸை அழைத்தார். பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாரக்கணக்கில் வகுப்பறை காலி. ஏப்ரலில் மெக்கென்சி ராஜினாமா செய்தார். அதே 1925-ல் வொர்க் காலமானார்.

அவர் மகன், மூன்றாம் ஜான் வொர்க், அதே கல்லூரியில் சங்கீதப் பேராசிரியர். அவர் கதை எனக்கு இன்னும் ஆறாத கதை. 1941-ல் மிசிசிப்பி டெல்டா கிராமங்களுக்குப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்யும் வேலையில் ஃபிஸ்க்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் சேர்ந்து இறங்கின. நூலகத்தின் சார்பில் வந்தவர் ஆலன் லோமாக்ஸ். அப்போது டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குரல் முதல்முதலாகப் பதிவானது அந்தப் பயணத்தில்தான். லோமாக்ஸுக்குப் பெயர் வந்தது. வொர்க் உட்கார்ந்து நொட்டேஷன் எழுதிய கையெழுத்துப் பிரதி எங்கோ ஆவணப் பெட்டிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அது புத்தகமாக வந்தது 2005-ல், வொர்க் இறந்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து.

1946-ல்தான், கல்லூரி தொடங்கி 80 வருஷம் கழித்து, முதல் கறுப்பினத் தலைவராக சார்ல்ஸ் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் காலகட்டத்தில் அங்கே வேலை பார்த்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: நூலகர் ஆர்னா பான்டெம்ப்ஸ், ஓவிய ஆசிரியர் ஆரன் டக்ளஸ், ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் கவிஞர் ராபர்ட் ஹேடன். பெரிய பல்கலைக்கழகங்கள் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தியதால் இத்தனை மேதைகள் ஒரு சிறிய வளாகத்தில் வந்து குவிந்தார்கள். இன்றைக்கும் வரலாற்று ரீதியான கறுப்பினக் கல்லூரிகள் என்று அமெரிக்கச் சட்டம் அங்கீகரிப்பவை நூறு சொச்சம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதே வகைக் கதை ஏதாவது ஒன்று உண்டு.

கட்டுப்பாடு மட்டும் மெக்கென்சியோடு முழுக்கப் போய்விடவில்லை. கவிஞர் நிக்கி ஜியோவானி மாணவியாக இருந்தபோது, நன்றியறிதல் பண்டிகைக்கு அனுமதி கேட்காமல் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார். வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு திரும்பி வந்து 1967-ல் பட்டம் வாங்கினார். மிஷன் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த நம் அக்காமார் யாரைக் கேட்டாலும் இதே கதையை ஊர் பெயரை மாற்றிச் சொல்வார்கள்.

1960 பிப்ரவரி 13-ஆம் தேதி, நாஷ்வில்லின் கடைகளில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசைகளில் மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். நகரத்தின் நாலு கறுப்பினக் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். முன்னே நின்றவர்களில் ஒருத்தி ஃபிஸ்க் மாணவி டயான் நாஷ். பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். இவர் நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று வருஷம் மிஷனரி ஆசிரியராக இருந்து காந்தியின் வழியைப் படித்துக்கொண்டு போனவர். ஒரு கோவில் கட்டடத்தில் ஒத்திகை நடந்தது. திட்டுவான், சிகரெட்டால் சுடுவான், தள்ளிவிடுவான், நீ கையைத் தூக்கக்கூடாது. கொயர் ப்ராக்டிஸ் போலத்தான், திரும்பத் திரும்ப. சிறைக்குப் போனவர்கள் உள்ளேயும் பாடினார்கள். ஏப்ரல் 19 அதிகாலையில் அவர்களின் வழக்கறிஞர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு போட்டார்கள். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வாய் திறக்காமல் நகர மன்றத்துக்கு நடந்தார்கள். நிறத்தை வைத்து ஒருவரை ஒதுக்குவது சரியா என்று நாஷ் மேயரை நேருக்கு நேர் கேட்டார். சரியில்லை என்று அந்த மனிதர் ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் தேதி கடை மேசைகள் திறந்தன. பாட்டுக் கல்லூரியின் பிள்ளைகள் அந்த நடையில் பாடவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கொயர் அது.

இன்றைய வளாகத்தில் அந்தப் பழைய ராணுவ ஆஸ்பத்திரியின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. அதில் மாணவர்கள் நாடகம் போடுகிறார்கள். 1888-ல் கட்டிய உடற்பயிற்சிக் கூடம் ஓவியக் கூடமாகிவிட்டது. 1949-ல் ஓவியர் ஜார்ஜியா ஓகீஃப் கொடுத்த 101 கலைப்பொருட்களும் அதில் இருந்தன. பணமுடையில் கல்லூரி அவற்றை விற்கப் போக, வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் 3 கோடி டாலருக்குப் பாதி உரிமை ஆர்க்கன்சா மாநிலத்து மியூசியம் ஒன்றுக்குப் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓவியங்கள் அங்கும் இங்குமாகப் பிரயாணம் செய்கின்றன. மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் அலையும் மருமகள் மாதிரி. 2023-ல் கறுப்பினக் கல்லூரிகளிலேயே முதல் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியைக் களமிறக்கிய கல்லூரியும் இதுதான். இரண்டு வருஷம் கழித்து அணியைக் கலைக்கப்போவதாக அறிவித்ததும் இதே கல்லூரிதான். கையில் காசில்லாதவர்களின் பெருமை எப்போதும் அப்படி அரைகுறையாகத்தான் நிற்கும்.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. 1994-லிருந்து ஜூபிலி சிங்கர்ஸை நடத்தியவர் கானா நாட்டிலிருந்து மாணவராக வந்த பால் குவாமி. 2021-ல் குழுவுக்கு கிராமி விருது கிடைத்தது. மறுவருஷம் அவர் காலமானார். அந்தக் குழு மேடையில் பாடும்போது முன்னே நின்று கைவீச யாரும் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுத்தான் எடுப்பு. கையை வீசிக் காற்றைக் கலக்கிய பழைய கொயர் மாஸ்டராக எனக்கு இதை ஒப்புக்கொள்ளச் சங்கடம்தான்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 6 அங்கே ஜூபிலி நாள். வகுப்பு கிடையாது. கல்லூரி ஆலயத்தில் கூடுவார்கள், பாடுவார்கள். பிறகு பாடகர்கள் நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எல்லா ஷெப்பர்ட் முதலான பழைய பாடகர்களின் கல்லறையருகே நின்று பாடுவார்கள். நாம் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாகப் போவது போல. வித்தியாசம், அவர்கள் பாடுவது அங்கே படுத்திருப்பவர்கள் சொல்லிக்கொடுத்த பாட்டையே.

உங்களிடம் நான் கேட்பது சில்லறைக் காரியங்கள். இந்தப் பாட்டுகளைப் பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஐயோ, நிறையப் பாடுங்கள். ஓலைத்தொப்பியைத் தூக்கிப் பரணில் போடுங்கள். உச்சரிப்பில் கொஞ்சலும் கேலியும் வேண்டாம். புதுப் பாட்டு எடுக்கும் முதல் ப்ராக்டிஸில் கீபோர்டை மூடிவிட்டு, விளக்கைக் குறைத்து, எல்லாரும் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் ஒருமுறை பாடிப்பாருங்கள். தாளம் போடக் கை துடிக்கும். முதல் முறை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். பேஸ்காரர்கள் முடிந்தால் கொஞ்சம் குறைத்துப் பாட வேண்டும். இதை எந்தப் பாட்டுக்கும் சொல்வேன்.

அப்புறம் நிரல்தாள். ‘இயற்றியவர்’ என்ற இடத்தில் ‘ட்ரெடிஷனல்’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளாதீர்கள். ‘அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள். தேடிச் சேர்த்தவர்கள்: ஜான் வெஸ்லி வொர்க் குடும்பத்தார், ஃபிஸ்க் பல்கலைக்கழகம், நாஷ்வில்’ என்று முழுசாக எழுதிக்கொடுங்கள், என்னைப்போல் கிறுக்காமல் குண்டு குண்டாக. இவ்வளவு நீளம் அந்தப் பத்தியில் அடங்காது என்று அச்சகக்காரர் சொல்வார். ஹேண்டலின் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
பின்பெஞ்சுப் பழைய டெனர்